உப்புத் தண்ணியில் எந்த உப்பு?

கேள்வி: சேலம் கருப்பூர் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. 620 அடி போர். தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் உப்புத் தண்ணி. கீசர் காயில் இரண்டு முறை போய்விட்டது. குழாய், டைல்ஸ் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பருப்பு வேக மாட்டேன் என்கிறது. எனக்கும் மகளுக்கும் முடி கொட்டுகிறது. மாமனாருக்கு முன்பு ஒரு தடவை சிறுநீரகக் கல் வந்தது, அந்தப் பயம் வேறு. குடிக்க மேட்டூர் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. போன மாதம் ஒரு கம்பெனி ஆள் வந்து மீட்டரை விட்டு 980 என்று காட்டினார். பிறகு இரண்டு டம்ளரில் கரண்ட் கம்பி விட்டார்; ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருந்தது, எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. வீடு முழுக்க சாஃப்ட்னர், அதாவது தண்ணீரை மென்மையாக்கும் மெஷின், போட 85,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் பைப்பில் காந்தம் மாட்டினாலே போதும் என்கிறார். என் அம்மா வீடு ஏற்காட்டில். அங்கே ஊற்றுத் தண்ணீரில் குளித்தால் சோப்பு உடம்பை விட்டே போகாது, முடி பட்டு மாதிரி இருக்கும். மேலே இருக்கும் தண்ணீர்தானே கீழே வருகிறது, இங்கே மட்டும் ஏன் இப்படி? தண்ணீர் பரிசோதனைத் தாளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, கருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏற்காட்டில் பெய்கிற மழை மண்ணில் இறங்கி, பாறை இடுக்கில் கொஞ்ச தூரம் ஓடி, சீக்கிரமே ஊற்றாக வெளியே வந்துவிடுகிறது. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை. தண்ணீருக்கு லேசில் கரைந்து கொடுக்காத கல். அதனால் அந்த ஊற்றுத் தண்ணீர் கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் மாதிரியே இருக்கிறது.

உங்கள் போர் இருக்கும் இடம் வேறு. கருப்பூர், மாமாங்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போது வெள்ளைக்கல் வெட்டிய குழிகளையும் கொட்டிவைத்த மண்மேடுகளையும் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக்கல்தான் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். வெள்ளைக்காரர்கள் அந்த வெண்மையைப் பார்த்துச் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் சுண்ணாம்புக் குன்று, கல் சுண்ணாம்பு அல்ல. அதைச் சுற்றியுள்ள டூனைட் என்ற பாறையிலும் மெக்னீசியம் நிறைய. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, மிக லேசான சோடாத் தண்ணீர் போல ஆகிறது. அந்தப் புளிப்புக்குப் பாறை மெல்ல மெல்லக் கரையும். ஆழத்து வெடிப்பில் நெடுங்காலம் கிடந்து கரைத்த தண்ணீரைத்தான் நீங்கள் மோட்டார் போட்டு மேலே எடுக்கிறீர்கள். மேலே பெய்ததும் கீழே எடுப்பதும் ஒரே மழைதான்; நடுவில் அது எந்தக் கல்லோடு எவ்வளவு காலம் கிடந்தது என்பதுதான் வித்தியாசம்.

சரி, இப்போது ‘உப்புத் தண்ணி’ என்ற சொல்லுக்கு வருவோம். சேலத்தில் நாம் தண்ணீரை இரண்டாகத்தான் பிரிப்போம்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. பேச்சுக்கு அது போதும். மெஷின் வாங்குகிற இடத்தில் போதாது. ஏனென்றால் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, நாக்கில் கரிக்கிற சமையல் உப்பு வகை, அதாவது சோடியமும் குளோரைடும். இன்னொன்று, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை. கீசரைக் கெடுப்பது, சோப்பு நுரையைக் கொல்வது, குழாயில் வெள்ளை பூப்பது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. மூன்றாவது, தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. அதைத்தான் டிடிஎஸ் என்கிறோம். வந்த ஆள் மீட்டரில் காட்டிய 980 இந்த மூன்றாவது எண். மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். எந்த உப்பு கடத்துகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு லிட்டர் ஏற்காட்டுத் தண்ணீரில் ஒரு கிராம் சமையல் உப்பைக் கரைத்தாலும் மீட்டர் ஆயிரத்துச் சொச்சம் காட்டும். ஆனால் அந்தத் தண்ணீரால் கீசரில் ஒரு பொருக்கும் கட்டாது.

நீங்கள் பரிசோதனை செய்து அந்தத் தாளையும் அனுப்பியது பெரிய உதவி. பாதிப் பேர் அதைச் செய்யாமலேயே மெஷின் வாங்கிவிடுகிறார்கள். தாளில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்று இருக்கிறதே, அது எப்படி வந்த எண் என்று சொல்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் உங்கள் தண்ணீரை 50 மில்லி அளந்து கூம்புக் குடுவையில் ஊற்றுவோம். காரத்தன்மையை நிலையாக வைக்க ஒரு கரைசல், பிறகு சிறிது சாயம். உடனே பீட்ரூட் தண்ணீர் போலச் சிவக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சாயத்தைப் பிடித்துக்கொண்ட நிறம் அது. மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து ஈடிடிஏ என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். ஈடிடிஏ அந்த இரண்டு உலோகங்களையும் சாயத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி சிவப்பாகவே இருக்கும். பிறகு ஓரமாக ஊதா தட்டும். அப்போது கையை நிதானப்படுத்த வேண்டும். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, சட்டென்று முழுக் குடுவையும் நீலமாகிவிடும். பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ வருடம் இதைச் செய்தும் அந்த நீலம் வருகிற கணம் எனக்கு அலுக்கவில்லை. செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு. மலை ஊற்றுத் தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு மில்லியிலேயே நீலமாகிவிடும். உங்கள் தண்ணீருக்கு 29 மில்லி இறங்கியிருக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை 200க்குள் இருப்பது விரும்பத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது. உங்களுடையது அந்த மேல் வரம்பை ஒட்டி நிற்கிறது. இந்த 580ல் கால்சியத்தின் பங்கு 200, மெக்னீசியத்தின் பங்கு 380. மெக்னீசியம் இப்படிக் கால்சியத்தை முந்துவது உங்கள் பக்கத்துப் பாறையின் கையெழுத்து. தாளில் காரத்தன்மை 390 என்று இன்னொரு வரி இருக்கிறது, அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 580ல் 390 பங்கு பைகார்பனேட்டோடு சேர்ந்தது. சூடு பட்டால் கல்லாக மாறக்கூடியது இதுதான். மீதி 190 எவ்வளவு காய்ச்சினாலும் தண்ணீரிலேயே நிற்கும். ‘காய்ச்சி வடிகட்டினால் உப்பு போய்விடும்’ என்று சொல்வது பாதிதான் உண்மை. அதிலும் மெக்னீசியம் கால்சியத்தைவிடப் பிடிவாதமானது, கொஞ்ச நேரக் கொதிக்கு அசையாது.

அதே தாளில் உங்கள் கண்ணில் படாத இரண்டு வரிகளை நான் முதலில் பார்த்தேன். ஃபுளோரைடு 0.8, நைட்ரேட் 32. ஃபுளோரைடுக்கு விரும்பத்தக்க வரம்பு 1.0, அதிகபட்சம் 1.5. நைட்ரேட்டுக்கு 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. உங்களுடையது இரண்டிலும் உள்ளே இருக்கிறது, நிம்மதி. கடினத்தன்மை கண்ணுக்குத் தெரிந்து தொந்தரவு கொடுக்கும், அதனால் எல்லோரும் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறம் இல்லை, ருசி இல்லை, வெள்ளை பூக்காது. உடம்பைக் கெடுப்பது இவை. பக்கத்துத் தருமபுரியில் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. சாஃப்ட்னர் இந்த இரண்டையும் தொடக்கூடத் தொடாது. இதை விற்க வருகிறவர் சொல்ல மாட்டார். வருடத்துக்கு ஒருமுறை, கோடை முடிவில், இவற்றை மட்டுமாவது மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் செய்யலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, கழுத்துவரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். டேங்கிலிருந்து பிடிக்காதீர்கள்.

இப்போது அந்த டம்ளர் வித்தை. இதைப் பற்றி நான் கோபமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எத்தனையோ குடும்பங்களைப் பயமுறுத்திப் பணம் கட்ட வைத்திருக்கிறது. தண்ணீருக்குள் விட்ட கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் அந்த இரும்பு கரைந்து, பச்சையும் பழுப்புமாகத் துருக் குழம்பு மிதக்கும். நீங்கள் பார்த்த சாக்கடை அதுதான். அது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவருடைய கம்பியிலிருந்து வந்த துரு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். அடுத்த தடவை அவர் வந்தால் அந்த ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். இன்னொன்றும் சொல்கிறேன். அவர் விற்கிற சாஃப்ட்னரிலிருந்து வெளியே வருகிற தண்ணீரில் விட்டாலும் அப்படியேதான் ஆகும். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைப்பதில்லை. கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது, அவ்வளவுதான். 580 முழுவதையும் மாற்றினால் லிட்டருக்கு ஏறக்குறைய 265 மில்லிகிராம் சோடியம் கூடும்.

இந்த இடத்தில் உங்கள் மாமனார் ஞாபகம் வருகிறார். நான் வேதியியல் படித்தவன், மருத்துவர் இல்லை. அவருக்கு எந்த வகைக் கல் வந்தது, எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கடின நீர் குடித்தால் கல் வரும் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து வரம்பு எதுவும் வைக்கவில்லை. கல் வந்தவர்களுக்கு முதல் எதிரி குறைவாகத் தண்ணீர் குடிப்பது. சேலத்து வெயிலில் அது எவ்வளவு சுலபமாக நடந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம், சோடியம் அதிகம் உள்ளே போனால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாக இறங்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். கல் பயத்தால் வீடு முழுக்க சாஃப்ட்னர் போட்டு, அந்தத் தண்ணீரையே அவருக்குக் குடிக்கக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவருக்கு மேட்டூர் தண்ணீர்தான். சமையலுக்கும் அதுவே. சாஃப்ட்னர் தண்ணீர் சமையலறைக் குழாய்க்கு வரவே கூடாது. மேட்டூர் தண்ணீர் வருகிற வீட்டில் ஆர்ஓவுக்கு அவசியமும் இல்லை; காய்ச்சியோ நல்ல வடிகட்டியில் விட்டோ குடித்தால் போதும்.

பருப்பு விஷயமும் இதோடு தீர்ந்துவிடும். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையோடு கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தால், அந்தப் பசை கரையாத இறுகலாக மாறிவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசாகவே நிற்பதற்கு அதுதான் காரணம். ஊறவைப்பதும் வேகவைப்பதும் இரண்டுமே மேட்டூர் தண்ணீரில் இருக்கட்டும். உப்புத் தண்ணியில் ஊறவைத்து நல்ல தண்ணியில் வேகவைத்தால் பாதி பலன்தான். சோடா மாவு போட்டால் வெந்துவிடும், உண்மை, ஆனால் பருப்பில் உள்ள பி1 வைட்டமினும் போய்விடும். புளியைப் பருப்பு வெந்த பிறகே ஊற்றுங்கள்; புளிப்பும் பருப்பை விறைப்பாக்கும். போர் தண்ணீரில் வடித்த சோறு லேசாக மஞ்சள் தட்டுகிறதா? அது காரத்தன்மையின் வேலை, கெட்டுப்போன அறிகுறி இல்லை.

முடிக்கு வருகிறேன். கடின நீர் முடியின் வேரை வலுவிழக்கச் செய்து கொட்ட வைக்கிறது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் கிடையாது. ஆனால் முடி சொரசொரப்பாகிறது, சிக்குப் பிடிக்கிறது, சீவும்போது அறுந்துபோகிறது, இவை நடக்கும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் அது கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத தயிர்க் கட்டி மாதிரித் திரிகிறது. பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறதே, அதேதான் தலையிலும் தோலிலும் ஒட்டுகிறது. ஏற்காட்டில் சோப்பு போகவே இல்லை என்று தோன்றுவது, திரிந்த படலம் அங்கே இல்லாததால்தான். சேலத்தில் ‘சுத்தமாகிவிட்டது’ என்று நமக்குத் தோன்றுகிற அந்தக் கரகரப்பு, உண்மையில் தோலில் படிந்த சோப்புக் கசடு. கொட்டிய முடியை எடுத்து நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. அப்போது இரத்தசோகை, தைராய்டு என்று மருத்துவரிடம்தான் பார்க்க வேண்டும், தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். குமிழ் இல்லாமல் நடுவில் அறுந்திருந்தால் தண்ணீர்மேல் சந்தேகப்படலாம்.

சீயக்காயும் அரப்பும் வைத்துக் குளித்த பாட்டிகளுக்கு உப்புத் தண்ணியில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. சீயக்காயில் நுரைப்பது சபோனின்; அது சோப்பு போலக் கால்சியத்தோடு திரியாது. பூந்திக்கொட்டையும் அப்படியே. உங்களுக்கு ஷாம்புதான் வசதி என்றால் அதுவும் சோப்பைவிட நல்லது. எதுவாக இருந்தாலும் கடைசிச் சொம்பு மட்டும் நல்ல தண்ணியாக இருக்கட்டும், அதில் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். தோல் அரிப்புக்கு சாஃப்ட்னர் போடச் சொல்வார்கள். 2011ல் இங்கிலாந்தில் எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் இருந்த 336 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாஃப்ட்னர் போட்ட வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடுதல் குணம் தெரியவில்லை.

காந்தம் வேண்டாம். அது தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. மாட்டிய பிறகும் இதே 580தான் வரும்.

கீசருக்குத்தான் உண்மையான வேலை இருக்கிறது. போன காயிலைத் தூக்கிப் போடவில்லையென்றால் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மேலே முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் பொருக்கு, உடைத்தால் அடுக்கடுக்காக வரும். உள்ளே இருக்கும் சூடு இந்தப் பொருக்கைத் தாண்டித் தண்ணீருக்குப் போக முடியாமல், காயில் தன் சூட்டிலேயே வெந்து போகிறது. சூடு கூடக்கூடப் படிவதும் கூடும். 60 டிகிரிக்கு மேல் வேகமாகவே கூடும். உங்கள் கீசர் எத்தனையில் நிற்கிறது என்று பாருங்கள். பொருத்திய ஆள் பெரும்பாலும் முழுசாகத் திருகி விட்டிருப்பார். 50க்கு இறக்குங்கள். குளிக்க அது தாராளம். உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுவது அதன் வேலை. வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கம்பியைப் பார்த்து, காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதோடு கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் நுழைகிற இடத்தில் பாலிபாஸ்பேட் உருண்டை போட்ட சின்ன வடிகட்டி மாட்டலாம். அது கடினத்தன்மையை எடுக்காது, ஆனால் படிகம் ஒன்றோடொன்று சேர்ந்து பொருக்காவதைத் தடுக்கும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் அதன் பலம் போய்விடும், 50 டிகிரி கீசருக்கு ஏற்றது. உருண்டை கரையக் கரைய மாற்ற வேண்டும். குளிக்க, துவைக்க மட்டும்தான் அந்தத் தண்ணீர்.

முதலில் இவற்றைச் செய்து ஆறு மாதம் பாருங்கள். 85,000 ரூபாயை உடனே எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் சாஃப்ட்னர் வேண்டும் என்று தோன்றினால், வாங்குங்கள், ஆனால் வீடு முழுக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கழிப்பறை, தோட்டம், வாசல் கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 800 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 580 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 464 கிராம், வருடத்துக்கு ஏறக்குறைய 170 கிலோ கடினத்தன்மை உங்கள் வீட்டுக்குள் வந்து போகிறது. சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்வது ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள்; ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம்தான் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் மூன்று நாள்கூடத் தாங்காது. பிறகு உப்புக் கரைசல் விட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் கிட்டத்தட்ட நாலு கிலோ உப்பு. மாதம் 40 கிலோவுக்கு மேல் போகும். கழிப்பறையில் ஊற்றுகிற தண்ணீரையும் சேர்த்து மென்மையாக்க இவ்வளவு உப்பா? குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் இறங்குகிற லைனை மட்டும் பிரித்தால் நாளைக்கு 300 லிட்டர் போதும். பக்கவழி வால்வு வைத்து, சாஃப்ட்னருக்குள் போகாத போர் தண்ணீரையும் கொஞ்சம் கலந்து கடினத்தன்மையை 100 அளவில் நிறுத்தினால், அதே 25 லிட்டர் ரெசின் எட்டு நாளுக்கு மேல் வரும். உப்பு மாதம் 15 கிலோவுக்குள் முடிந்துவிடும். மாடி டேங்கிலிருந்து லைன் எப்படி இறங்குகிறது என்று பிளம்பரைக் கூட்டிவந்து முதலில் பாருங்கள். அந்தப் பைப் வேலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

விற்க வருகிறவரிடம் மெஷின் நிறத்தையும் வாரண்டியையும் கேட்பதற்கு முன் எத்தனை லிட்டர் ரெசின், 580க்கு ஒரு புதுப்பிப்பில் எத்தனை லிட்டர் தண்ணீர் வரும், எவ்வளவு உப்பு என்று கேளுங்கள். தயங்காமல் எண் சொல்கிறவரிடம் மட்டும் பேசுங்கள். பொருத்திய பிறகு டிடிஎஸ் மீட்டரால் சோதிக்கக் கூடாது, கடினத்தன்மைக்கான சொட்டு மருந்துக் கிட் வாங்கி வாரம் ஒருமுறை பாருங்கள். அப்புறம், கழிவு உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் தவறாமல் கேளுங்கள். இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் என் வீட்டில் சாஃப்ட்னர் போட்டபோது கழிவுக் குழாயைப் பின்பக்கம் செடிப்பக்கமாக விட்டுவிட்டேன். இரண்டு கோடையில் அம்மா நட்ட கறிவேப்பிலை மரம் நுனியிலிருந்து கருகிச் செத்தது, அந்த இடத்து மண் இறுகித் தண்ணீரே இறங்காமல் போனது. சோடியம் களிமண்ணை அப்படித்தான் செய்யும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கழிவு சாக்கடைக்குப் போகட்டும். எக்காரணம் கொண்டும் மழைநீர்க் குழிக்குள் விடாதீர்கள், உங்கள் போருக்கே திரும்பி வரும்.

மழைநீர்க் குழி என்றதும் சொல்ல வேண்டியது: 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், உங்கள் வீட்டிலும் பைப் இருக்கும். அதை முழுக்க மண்ணுக்கு அனுப்பாமல், ஒரு பங்கைத் தொட்டியில் பிடியுங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில், 900 மில்லிமீட்டர் மழைக்கு 60,000 லிட்டருக்கு மேல் இறங்கும். முதல் பத்து நிமிட மழையைத் தூசிக்காக வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதை வலை கட்டிப் பிடித்தால், கடினத்தன்மை என்று சொல்ல ஒன்றுமே இல்லாத தண்ணீர். தலைக்கும் துணிக்கும் அதைவிட நல்லது வேறில்லை.

குழாயில் பூத்த வெள்ளையை எடுக்க மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கிக்கொள்ளுங்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கரைத்துத் துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டிவையுங்கள். சுர்ரென்று நுரைத்தால் கார்பனேட், கரைந்துவிடும். நுரைக்காமல் கண்ணாடிபோல ஒட்டி நின்றால் அது சிலிகா, அமிலத்துக்கு மசியாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இட்லிப் பானை அடியில் பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போடுகிறோமே, அதுவும் இதே வேதியியல்தான். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். டைல்ஸ் இடுக்கு சிமெண்டையும் குழாயின் மினுமினுப்பையும் அரித்துவிடும். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. வேலைக்கு வருகிற அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

முடி கொட்டுவது தண்ணீராலா என்று உங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போகும்போது நாலைந்து பெரிய கேன் எடுத்துப் போய் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வாருங்கள். ஒரு மாதம் மகளுக்கு மட்டும் தலைக்குக் குளிக்கிற நாளில் அந்தத் தண்ணீர், உங்களுக்கு வழக்கம்போல போர் தண்ணீர். ஷாம்பு, எண்ணெய் எதையும் மாற்ற வேண்டாம். சீவிய பிறகு சீப்பில் நிற்கிற முடியை இரண்டு கவரில் தனித்தனியாகச் சேர்த்து, மேலே தேதி எழுதி வையுங்கள். இப்போதே ஒரு வாரம் இருவருக்கும் போர் தண்ணீரிலேயே அப்படிச் சேர்த்துவைத்தால்தான் ஒப்பிட முடியும். மாத முடிவில் அந்தக் கவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.